டிக்கியைத் திறக்காமல் வாங்கிய வண்டி

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்குக் கனஅளவு நடத்திக்கொண்டிருக்கிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கு; கடைசியில் அலகு எழுது; எழுதாவிட்டால் அரை மார்க் போச்சு. கனச்செவ்வகம் என்றால் என் வகுப்பில் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அப்பேர்ப்பட்ட கணக்கு வாத்தியார், பி.எஃப். பணத்தில் பெரும்பகுதியைக் கொட்டி ஒரு ஹைபிரிட் கார் வாங்கியபோது அதன் டிக்கியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பார்க்கச் சந்தர்ப்பம் இல்லாமல் போகவில்லை. ஷோரூமில் விற்பனைப் பையன் வண்டியைக் கிளப்பிவிட்டு, "கிளம்பியாச்சு சார், சத்தம் வருதா பாருங்க" என்றான். வரவில்லை. பேட்டரியிலேயே நாலடி முன்னால் நகர்த்திக் காட்டினான். நான் கோயில் தேர் நகர்ந்ததுபோல் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. அப்போதுதான் என் மனைவி, "டிக்கி எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள். "நாம கார் வாங்க வந்திருக்கோமா, பீரோ வாங்க வந்திருக்கோமா?" என்றேன். பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வாக்கியம் இன்றுவரை எங்கள் வீட்டில் நல்ல நாள், கெட்ட நாள் எல்லாவற்றிலும் எனக்குத் திருப்பிச் சொல்லப்படுகிறது.

இந்த ஆசை எனக்குள் வந்த வழி வேறு. பாண்டிச்சேரியில் பல குடும்பங்களுக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் பிரான்சில். எங்கள் வீட்டின் பிரான்சு கால் என் மனைவியின் அண்ணன். பாரிசுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறார். சில வருஷங்களுக்கு முன் அவர் ஒரு பிளக்-இன் ஹைபிரிட் வாங்கி, அதன் பக்கவாட்டில் வயரைச் செருகிப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். செல்போனுக்கு சார்ஜ் போடுவதுபோல் காருக்குச் சார்ஜ். சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோல். "மச்சான், கடைத்தெருவுக்கும் வேலைக்கும் கரண்ட்லயே போயிட்டு வந்துடுறேன்" என்றார். அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயரைத்தான் பார்த்தேன். திறந்து கிடந்த டிக்கியும் அதே படத்தில் இருந்தது.

நம்மூரில் பிளக்-இன் ஹைபிரிட் என்பது நம் வருமானத்துக்குப் பொருந்தாத சாதி. பிஎம்டபிள்யூ ஐ8 வந்தது. வால்வோ 2019-இல் எக்ஸ்சி90 பிளக்-இன் வண்டியை பெங்களூரு பக்கத்திலேயே பொருத்தப்போவதாக அறிவித்தது. விலை கோடியை ஒட்டியும் தாண்டியும். ஆகவே எனக்கு வாய்த்தது வயர் இல்லாத ஹைபிரிட். "வயரே மாட்ட வேண்டாம் சார், பிரேக் பிடிச்சா அதுவே சார்ஜ் ஏத்திக்கும்" என்று பையன் சொன்னபோது, மச்சானைவிட ஒரு படி மேலே போய்விட்டதாகவே நினைத்தேன். வண்டியின் பெயரைச் சொல்லமாட்டேன். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. எல்லா அளவையும் அது விளம்பரத்தாளிலேயே சொல்லியிருந்தது. முதல் பக்கத்தில் மைலேஜ், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் டிக்கி. நான் முதல் பக்கத்தோடு எழுந்துவிட்டேன்.

மைலேஜ் வெறி என்று ஒன்று உண்டே, அதைப் பாண்டிச்சேரிக்காரன் பிடித்துக்கொண்டு அலைவது தனி வேடிக்கை. புல்வார் சுற்றி வளைத்த பழைய ஊரைக் கடற்கரையிலிருந்து குறுக்காக நடந்தால் சட்டை நனைவதற்குள் மறுபக்கம் வந்துவிடும். பெட்ரோலோ தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருகிறவர்கள் டேங்கை நிரப்பாமல் திரும்புவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் லிட்டருக்கு 27 கிலோமீட்டர் என்று கனவு கண்டேன். வாங்கி முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹைபிரிட்டுக்காகக் கொடுத்த கூடுதல் விலையை மாதாமாதம் மிச்சமாகும் பெட்ரோல் காசால் வகுத்துப் பார்த்தேன். விடையில் எனக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன். வரியைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் மோசம். அப்போது நான்கு மீட்டருக்கு மேல் நீண்ட ஹைபிரிட்டுக்கு 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் அதன்மேல் 15 விழுக்காடு செஸ்ஸும். முழு மின்சாரக் காருக்கு வெறும் 5. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய ஹைபிரிட்டுக்கு மொத்தமாக 40 என்று ஆனது. மூன்று விழுக்காடு முந்திக்கொண்ட பெருமையும் எனக்கே.

டிக்கிக்கு வருகிறேன். வீட்டுக்கு வண்டி வந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆரத்தி எடுத்து, ஒரு பூசணிக்காயை உள்ளே வைக்கலாம் என்று முதன்முதலாகத் திறந்தேன். தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. ஒரு சாண் மேலே மேடை கட்டியிருந்தது. பூசணிக்காய் மேடை ஏறி உட்கார்ந்துகொண்டது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். அந்த மௌனத்துக்கு அலகு கிடையாது.

பிற்பாடுதான் படித்தேன். படிக்க வேண்டிய பாடத்தைப் பரீட்சை முடிந்தபின் படிப்பது எங்கள் தொழிலில் பிள்ளைகளின் வழக்கம், அவர்களிடமிருந்து தொற்றியிருக்கலாம். ஹோண்டா சிட்டியின் பெட்ரோல் வண்டிக்கு 506 லிட்டர் டிக்கி. 2022-இல் வந்த அதன் ஹைபிரிட்டுக்கு 306. மாருதி கிராண்ட் விட்டாராவில் சாதாரண வண்டிக்கு 373 லிட்டர், ஹைபிரிட்டுக்கு 265. இதில் வயிறெரிய வைக்கும் விஷயம், இந்த வண்டிகளின் பேட்டரி ஒரு யூனிட் மின்சாரம்கூடப் பிடிக்காது. வீட்டில் ஒரு அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம் சூடானால் தீர்ந்துவிடும் அளவு. ஆனால் பேட்டரி தனியாக வருவதில்லை. அதைக் குளிர வைக்க விசிறி, காற்றுக் குழாய், மின்கட்டுப்பாட்டுப் பெட்டி, இடித்தாலும் நசுங்காத உறை எல்லாம் கூடவே வரும். மாப்பிள்ளையை மட்டும் கூப்பிட்டால் ஊரே சாப்பிட வருமே, அந்தக் கதை.

பிளக்-இன் என்றால் கூட்டம் இன்னும் பெரிது. கரண்டிலேயே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு யூனிட்டாவது பிடிக்கும் பேட்டரி வேண்டும். வீட்டுக் கரண்டை அதற்குத் தக்கபடி மாற்றித் தர வண்டிக்குள்ளேயே சார்ஜர் வேண்டும். பெட்ரோல் டேங்கும் கூடவே இருக்க வேண்டும். பிரான்சில் தெருவுக்குத் தெரு ஓடும் பெஜோ 3008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: முந்தைய தலைமுறையில் பெட்ரோல் வண்டிக்கு 520 லிட்டர் டிக்கி, பிளக்-இன்னுக்கு 395. டேங்கும் 53 லிட்டரிலிருந்து 43 ஆக இளைத்தது. ஜெர்மனியின் கோல்ஃப் வண்டி 380-லிருந்து 272-க்கு வந்தது. போதாக்குறைக்குச் சார்ஜ் போடும் வயர். பாம்பாட்டியின் கூடை அளவுக்குச் சுருண்டு அதுவும் டிக்கியிலேயே படுக்கும். 2010 கடைசியில் அமெரிக்காவில் வந்த ஷெவர்லே வோல்ட்டில் பேட்டரி 'டி' எழுத்து வடிவத்தில் வண்டியின் நடுவாக நீண்டு, பின்சீட்டின் நடு இருக்கையையே எடுத்துக்கொண்டது. நால்வர் மட்டுமே உட்காரலாம். ஐந்தாவது ஆளை என்ன செய்வது என்று அந்த ஊரில் யாரும் மாமியாரைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

எல்லோருமே இப்படிச் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னோவா ஹைகிராஸில் பேட்டரியை முன்சீட்டுகளுக்கு அடியில் ஒளித்துவிட்டார்கள். பின்னால் இருப்பவர்களுக்கும் பெட்டிகளுக்கும் தொந்தரவில்லை. அந்தக் கோடி ரூபாய் வால்வோவில் நடுச் சுரங்கத்தில் படுக்க வைத்தார்கள்; ஏழு சீட்டும் தப்பித்தன. டாடாக்காரர்கள் 2023-இல் சி.என்.ஜி. வண்டிகளில் டிக்கியை அடைத்துக்கொண்டிருந்த 60 லிட்டர் சிலிண்டரை முப்பது முப்பதாக இரண்டாக்கி, தரைக்கு அடியில் படுக்க வைத்து, மேலே 210 லிட்டர் மீட்டுக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் அதற்கு முன்பே சி.என்.ஜி. வண்டி வாங்கியவர். சிலிண்டருக்குப் பக்கத்தில் காய்கறிப் பையைச் செருகுவதைப் பார்த்து, "என்ன சார், கேஸ் ஏஜென்சி எடுத்துட்டீங்களா?" என்று நான் கேட்டதுண்டு. என் பூசணிக்காய் மேடை ஏறிய அன்று அவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனிதர்.

இந்த லிட்டர் என்ற அலகைப் பற்றி ஒரு வார்த்தை. டிக்கியில் தண்ணீர் ஊற்றி அளப்பதில்லை. ஐரோப்பாவில் ஜெர்மன் முறை ஒன்று உண்டு: 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 5 உயரம் கொண்ட கட்டைகளை அடுக்குகிறார்கள். பெருக்கினால் ஆயிரம் கன சென்டிமீட்டர், ஒரு லிட்டர். எத்தனை கட்டை நுழைந்ததோ அத்தனை லிட்டர். கணக்கில் குறையே சொல்ல முடியாது. பரீட்சையில் கேட்டால் முழு மார்க் போடுவேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்த அளவில் இருக்கும் ஒரே பொருள், போன தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பாக்ஸ். மற்றதெல்லாம் மூட்டை, கூடை, குடம், தென்னங்கன்று, பாய், அப்புறம் அண்டா.

அண்டா என் மச்சினிச்சி மகளின் சீர்வரிசையில் ஒன்று. கல்யாணம் காரைக்காலில். நல்ல கனமான பித்தளை, வாய் விரிந்து, வயிறு பருத்து, மடக்கவோ அமுக்கவோ முடியாத பிறவி. முதல் நாள் மாலை கூபேர் மார்க்கெட் பக்கத்துப் பாத்திரக் கடையிலிருந்து எடுத்தோம். கடைப் பையன் டிக்கியில் வைத்துப் பார்த்தான், கதவு மூடவில்லை. கவிழ்த்து வைத்தான், மூடவில்லை. சாய்த்தான், பின்கண்ணாடியில் இடித்தது. "மேடையில்லன்னா போயிருக்கும் சார்" என்றான். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய ஒரு கார் விலை ஆனது. கடைசியில் அண்டா பின்சீட்டில் உட்கார்ந்தது. வண்டி 'டிங் டிங்' என்று கத்தியதால் அதற்கு சீட் பெல்ட்டும் போட்டோம். மறுநாள் ஒருபக்கம் என் மாமியார், நடுவில் அண்டா, மறுபக்கம் என் மனைவி. முன்பக்கம் நானும், மடியில் தாம்பாளக் கட்டோடு என் பையனும். டிக்கி மேடையில் பட்டுப்புடவைப் பெட்டி, பழக்கூடை, இன்னும் என்னென்னவோ.

பாண்டியிலிருந்து காரைக்காலுக்குப் போவதென்றால் ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் போவதற்காகத் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று நூற்றுமுப்பது கிலோமீட்டர் சொச்சம். எல்லை வந்தால் போலீஸ் டிக்கியைத் திறக்கச் சொல்வது எங்களுக்குப் பழக்கம். பாண்டி வண்டி என்றாலே உள்ளே பாட்டில் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பல நேரம் அது வீண்போவதுமில்லை. சீட்டுக்கு அடியில் அறை, கதவுக்குள் அறை, தரைக்குக் கீழே ரகசிய அறை என்று வைத்துக் கடத்துகிறவர்கள் பிடிபடும் செய்தி பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. இதெல்லாம் அன்று காலை என் ஞாபகத்தில் இருந்திருந்தால் கொஞ்சம் முன்யோசனையோடு வண்டியின் கையேட்டையாவது முன்னால் எடுத்து வைத்திருப்பேன்.

ஒரு சாவடியில் ஏட்டு கைகாட்டினார். இறங்கி டிக்கியைத் திறந்தேன். புடவைப் பெட்டியை நகர்த்திப் பார்த்தார். பழக்கூடையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று, வண்டியை வெளியே ஒரு பார்வை, உள்ளே ஒரு பார்வை பார்த்தார். முட்டியை மடக்கி மேடையைத் தட்டினார். தொம் என்றது.

"வெளியில இவ்வளவு பெரிசா இருக்கு, உள்ள இவ்வளவுதான் இருக்கு. மீதி எங்க சார்?"

வகுப்பில் இத்தனை வருஷமாக நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி. மொத்தக் கனஅளவிலிருந்து உள்ளிருக்கும் கனஅளவைக் கழி.

"பேட்டரிங்க."

"பேட்டரி பானெட்டுலதான இருக்கும்?"

"அது வேற பேட்டரி. இது வேற."

"ரெண்டு பேட்டரியா?"

"ஆமாங்க."

"பெட்ரோல் வண்டின்னு போட்டிருக்கு?"

"பெட்ரோல் வண்டிதாங்க. பேட்டரியிலும் ஓடும்."

"அப்ப வயரை எங்க மாட்டுவீங்க?"

"வயர் கிடையாதுங்க. பிரேக் பிடிச்சா அதுவே ஏத்திக்கும்."

ஷோரூமில் கேட்டபோது எவ்வளவு கம்பீரமாக இருந்த வாக்கியம்! சாவடியில் சொன்னபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஏட்டு இன்னொரு போலீஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் ஒரு டார்ச்சோடு வந்தார். அந்த நேரம் பார்த்து பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. அண்டாவுக்குப் பின்னாலிருந்து என் மாமியார் தலையை நீட்டி, "அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எங்களுக்கே தெரியாது தம்பி. மாப்பிள்ளைதான் யாரையும் கேக்காம வாங்கினாரு" என்றார்.

கையேட்டைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. அது எங்கே இருந்தது என்கிறீர்கள்? மேடையின் விரிப்புக்குக் கீழே ஸ்டெப்னி பக்கத்தில் ஒரு பள்ளம், அதில். ஆக எல்லாச் சாமானையும் தார்ச்சாலை ஓரம் இறக்கினோம். புடவைப் பெட்டியின் மேல் என் மனைவி உட்கார்ந்துகொண்டாள். மேடையில் ஒட்டியிருந்த மின்னல் குறி மஞ்சள் ஸ்டிக்கரையும் கையேட்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஏட்டு சிரித்துவிட்டார். "போங்க சார். சரக்கு கடத்துறவன் இந்த வண்டிய வாங்கவே மாட்டான். வைக்க இடம் இருந்தாதானே?"

அன்றே இன்னொன்றும் நடந்தது. சிதம்பரம் தாண்டி முன்னால் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பேட்டரி சூடாகிறதாம். வண்டியை ஓரங்கட்டி, வாங்கிய இடத்துக்குப் போன் போட்டேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அங்கே இருந்தவர் நிதானமாக, "பின்சீட்டு ஓரத்துல சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கும், அதை எதாச்சும் அடைச்சிருக்கா பாருங்க சார்" என்றார். பார்த்தேன். என் மாமியாரின் மஞ்சள் பை. இந்த மாதிரி ஹைபிரிட் வண்டிகள் பலவற்றில் பேட்டரிக்குத் தனி ஏசி கிடையாது. நாம் உட்காரும் இடத்தின் குளிர்ந்த காற்றையே அந்தச் சல்லடை வழியாக இழுத்துக்கொள்ளும். அடைக்காதே என்று கையேட்டில் எழுதியிருந்தது. அடைத்தது பை மட்டும் என்றால் விட்டிருப்பேன். பைக்குள் சம்பந்தி வீட்டுக்கென்று எடுத்து வந்த வாளைக் கருவாடு. அடுத்த சில வாரங்களுக்கு, பேட்டரி விசிறி ஓடும்போதெல்லாம் வண்டிக்குள் ஒரு கடலோரக் கிராமம் வந்து போனது.

ஜூலையில் மச்சான் குடும்பம் வந்ததை விரிவாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நால்வர், தலைக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. சென்னை விமான நிலையத்துக்கு நானே வருவேன் என்று அடம்பிடித்தேன், ஹைபிரிட்டைக் காட்ட வேண்டுமே. டிக்கியில் இரண்டு பெட்டி நுழைந்தது, மூன்றாவது அரைமனதோடு நுழைந்தது. மீதிக்கு அங்கேயே ஒரு குட்டியானை பேசினோம். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக நான் முன்னால் ஹைபிரிட்டில் சத்தமில்லாமல் போக, பெட்டிகளைச் சுமந்த குட்டியானை பின்னால் முக்கிக்கொண்டே வந்தது. மிச்சப்படுத்திய பெட்ரோல் காசை அதன் டிரைவர் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அதோடு விட்டதா? மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் பஞ்சர். ஸ்டெப்னி மேடைக்கு அடியில். மேடை மேல் பெட்டிகள். 2020-இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தி, டயர் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்றது, இடம் மிச்சமாகுமாம். என் வண்டியில் ஸ்டெப்னி இருந்தது, இடம்தான் இல்லை. பெட்டிகளை இறக்கிச் சாலையோரம் வரிசையாக வைத்தோம். வெயிலுக்கு மச்சான் மனைவி ஒரு பெட்டியைத் திறந்து தொப்பி எடுத்தாள். அந்த வழியாக பைக்கில் வந்தவர் நிறுத்தி, "பெரிய பெட்டி என்ன விலை?" என்று கேட்டார். நான் கோபப்படுவதற்குள், குட்டியானையில் வந்த என் பையன் ஒரு விலை சொல்லிவிட்டான். அவர் பேரம் பேச ஆரம்பித்தார்.

அன்று இரவு மொட்டை மாடியில் மச்சான் கொண்டுவந்த பாட்டில் திறக்கப்பட்டபின் அவரும் கொஞ்சம் மனம் திறந்தார். அவர் இருக்கும் அடுக்குமாடியில் வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் கிடையாது. படம் எடுத்த வயர் அவருடைய நண்பர் வீட்டு வயர். வேலை செய்யும் இடத்தில் இடம் கிடைக்கும் நாளில் சார்ஜ் போடுவார். மற்ற நாளெல்லாம் பெட்ரோல்தான். "அவ்வளவு பேட்டரியையும் சும்மா தூக்கிக்கிட்டு அலையிறேன் மச்சான். லீவுக்குத் தெற்கே போகணும்னா பிள்ளைங்க சைக்கிளை வைக்க இடமில்ல. கூரை மேல பெட்டி கட்டினேன். காத்துல அது வேற பெட்ரோல் குடிக்குது." அவர் மட்டுமில்லை. 2024-இல் ஐரோப்பிய ஆணையம் வண்டிகளிலிருந்தே எடுத்த விவரத்தைக் கூட்டிப் பார்த்தபோது, பிளக்-இன் வண்டிகள் சாலையில் விடும் கரியமில வாயு சோதனைச்சாலைக் கணக்கைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு இருந்தது. காரணங்களில் முக்கியமானது, யாரும் நினைத்த அளவுக்குச் சார்ஜ் போடுவதில்லை. தினமும் இரவு வயரை மாட்டுகிற ஆளுக்கு அது அருமையான வண்டி. மாட்டாதவனுக்கு அது டிக்கி குறைந்த, எடை கூடிய பெட்ரோல் வண்டி. மச்சானுக்கு ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அதே நேர்மையோடு இன்னொன்று. அவர் பேட்டரியைச் சும்மா சுமக்கிறார் என்றால் நான் என்ன சுமக்கிறேன்? ஒருநாள் டிக்கியை முழுதாகக் காலி செய்தேன். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய, திரியேற்ற வழியில்லாத விளக்கு. போன வருஷத்துக் காலாண்டுத் தேர்வுத் தாள்கள், ஒரு கட்டு. காலி 20 லிட்டர் தண்ணீர் கேன். கிழிந்த குடை, கிழியாத குடை. யோகா பாய், பிரிக்கவே இல்லை. ஹெல்மெட், காரில் எதற்கு ஹெல்மெட் என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்த கொஞ்சம் இடத்தில் பாதியை என் சோம்பேறித்தனம் பிடித்துவைத்திருந்தது. இவ்வளவு நாளும் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். தாள்களைத் திருத்திவிட்டேனா என்று கேட்டால், அதை வேறு கட்டுரையில் ஒத்துக்கொள்கிறேன்.

ஊருக்குள் ஓட்டும்போது அந்த வண்டியைக் குறை சொல்லவே முடியாது. நேரு வீதி நெரிசலில் நின்று நின்று போகையில் எஞ்சின் அணைந்து பேட்டரி இழுக்கும். ஹைபிரிட் மிச்சம் பிடிப்பதே அந்த மாதிரி இடத்தில்தான். யாராவது என்னிடம் வந்து வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்பேன். ஆனால் பேட்டரி எங்கே படுத்திருக்கிறது, பின்சீட்டை மடக்கினால் தரை சமமாகிறதா படி நிற்கிறதா, ஸ்டெப்னியை எடுக்க எத்தனை பேரை இறக்க வேண்டும் என்று கேளுங்கள். லிட்டர் கணக்கைக் கேட்காதீர்கள். வீட்டில் உள்ளதிலேயே வளையாத பொருள் எதுவோ அதைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இது என் யோசனை இல்லை, என் மனைவியின் யோசனை. போன மாதம் அவளுடைய தம்பிக்குக் கார் பார்க்கப் போனோம். ஷோரூம் வாசலில் இறங்கியதும் அவள் ஆட்டோவிலிருந்து எடுத்தது எங்கள் வீட்டு அண்டா. சீருக்குக் கொடுத்ததன் ஜோடி, அதே அளவு. விற்பனைப் பெண் மைலேஜ் சொல்ல வாயெடுத்தாள். "முதல்ல டிக்கியைத் தொறம்மா" என்றாள் இவள். பெட்ரோல் வண்டியில் அண்டா கச்சிதமாக உட்கார்ந்தது. "இதுலயே ஹைபிரிட் இருக்கா?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். இருந்தது. பக்கத்திலேயே நின்றது. அண்டாவை அதில் வைத்தாள். பாதி வெளியே நின்றது.

"பின்சீட்டுல ஒரு பக்கம் மடக்கினா போயிடும் மேடம்" என்றாள் விற்பனைப் பெண்.

"அப்ப எங்க அம்மா எங்க உக்காருவாங்க?"

அந்தப் பெண் அண்டாவைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"சார் கட்டாயம் வரணுமா மேடம்?"